சும்மா உக்கார்ற மேடைதானேன்னு சொல்லாதீங்க

கரிசக்காட்டுல வீடும் தோட்டமும் வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் இதைச் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் கோவமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எங்க பக்கத்து ஊர்கள்ல இப்போ வீட்டுக் கொல்லையில, வேப்பமரத்தடியில, தோட்டத்து மோட்டார் ரூம் பக்கத்துல உக்கார்றதுக்கு ஒரு மேடை போடுறது பரவலா நடக்குது. நல்ல பழக்கம்தான். பழைய வீடுகளை இடிக்கும்போது திண்ணையையும் சேர்த்து இடிச்சுப்புட்டோம். சாயங்காலம் காத்தாட நாலு பேர் உக்கார்ந்து பேச ஒரு இடம் வேணும்ல. மேடை போடுறதுல எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. மேடைக்கு அடியில என்ன போடுறோம்ங்கிறதுலதான் சண்டை. சரியாச் சொன்னா, அடியில ஒண்ணுமே போடாம விடுறதுலதான்.

வேலை எப்படி நடக்குதுன்னு பாருங்க. புல்லைச் செதுக்குறாங்க. ஒரு டிராக்டர் கிராவல் தட்டுறாங்க. ரெண்டு குடம் தண்ணி தெளிச்சு, காலால மிதிச்சு, மேல 4 இஞ்ச் காங்கிரீட் ஊத்தி, டைல்ஸ் ஒட்டிடறாங்க. ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சது. ஏன் கொத்தனாரே வானம் தோண்டலைன்னு கேட்டா, "சும்மா உக்கார்ற மேடைதானே அண்ணாச்சி, இதுக்கு மேல மாடியா கட்டப் போறீங்க?"ன்னு சிரிக்கிறாங்க. வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கல. ஏன்னா அந்த வீட்டுக்காரர் கரிசல்ல முப்பது வருசமா விவசாயம் பண்றவர். சித்திரை வைகாசியில அவர் காட்டுல விழுகிற வெடிப்புல ஆட்டுக்குட்டி கால் மாட்டி ஒடிஞ்சிருக்கு. சாட்டைக் கம்பை விட்டா அடி தட்டாது. அதே வெடிப்பு ஐப்பசி மழைக்கு ஊறி, கார்த்திகையில இருந்த இடம் தெரியாம மூடிக்கும். அந்த மண்ணு எத்தனை தூரம் சுருங்கும், எத்தனை தூரம் பொங்கும்னு அவரை விட யாருக்குத் தெரியும்? எந்த ஈரத்துல உளுந்து விதைக்கணும்னு மண்ணைக் கையில உருட்டிப் பார்த்துச் சொல்ற மனுஷன், சிமெண்டு மூட்டையைப் பார்த்ததும் தெரிஞ்சதை எல்லாம் மறந்துடறார்.

"கனமில்லாத மேடைதானே"ங்கிற பேச்சு கரிசல்ல தலைகீழான பேச்சு. செவக்காட்டுல அது செல்லும். அங்க மண்ணு பொங்காது, மேல வைக்கிற கனத்தைத் தாங்கினாப் போதும். கரிசல்ல மண்ணு கீழேயிருந்து மேல தூக்கும். கனமான வீடு அந்தத் தூக்கலைக் கொஞ்சமாவது அமுக்கும். கனமில்லாததுக்கு அந்தச் சக்தி கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்க: 4 இஞ்ச் காங்கிரீட்டு ஒரு சதுர அடிக்குச் சுமார் 23 கிலோ. நாலு பேர் உக்கார்ந்தாலும் பெருசா ஒண்ணும் ஏறாது. நல்ல கரிசல் ஊறும்போது சதுர அடிக்கு நூத்துக்கணக்கான கிலோ வரைக்கும் மேல தள்ளும். 23 கிலோ எந்த மூலைக்கு? அதனாலதான் நம்ம பக்கம் வீடு நிக்குது, காம்பவுண்டு சுவரும் திண்ணையும் மேடையும் வாசப்படியும் முதல்ல பொளக்குது. ஊருக்குள்ள ஒரு தடவை சுத்தி வந்து பாருங்க, நான் சொல்றது தெரியும்.

பொளக்கிறதுலயும் ஒரு முறை இருக்கு. மழை பெஞ்சதும் மேடையோட ஓரத்து மண்ணுதான் முதல்ல ஊறும். ஓரம் தூக்கும், நடு இறங்கி நிக்கும். நாள் போகப் போக அடியில ஈரம் சேரும், வெயில் படாததால காயாது. கோடை வந்ததும் ஓரத்து மண்ணு காய்ஞ்சு கீழ இறங்கும், நடு மண்ணு பொங்கினபடியே நிக்கும். ஓரத்துக் காங்கிரீட்டுக்கு அடியில தாங்கல் இல்ல, ஒடியும். வேப்பமரம் பக்கத்துல இருந்தா, வேர் உறிஞ்சுற பக்கம் இன்னும் சீக்கிரம் இறங்கும். இதுல கொத்தனார் "மரத்து வேர்தான் தூக்கிருச்சு, மரத்தை வெட்டுங்க"ன்னு ஒரு யோசனை சொல்லுவார். மரத்தையும் வெட்டி மேடையையும் இழந்த வீடுகள் எங்க ஊர்ல இருக்கு.

கொத்தனார் மேல மட்டும் பழி போடல. அவர் சதுர அடிக்குக் கூலி பேசுறார். பூமிக்குள்ள போற வேலைக்குச் சதுர அடி கணக்கு கிடையாது, அது அவருக்கு நஷ்டம். வெளிய தெரியற டைல்ஸுக்குக் காசு கொடுக்கிறோம், தெரியாத குழிக்குக் கொடுக்க மனசு வர்றதில்ல. பேரம் பேசும்போது முதல்ல வானத்தைத்தான் வெட்டுறோம். அப்புறம் அவரைத் திட்டி என்ன பண்ண?

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. வீட்டுக்காரர் இல்ல. மகளிர் குழுவுல கடன் வாங்கி, கொல்லை முழுக்க காங்கிரீட்டும் ஒரு மேடையும் போட்டாங்க. தையல் மிஷினை அதுல போட்டு வெளிச்சத்துல தைக்கலாம்னு ஆசை. ரெண்டாவது மழைக்கே மேடை குறுக்க வெடிச்சு, ஒரு பக்கம் தூக்கிருச்சு. மிஷின் ஆடுது. திரும்ப வீட்டுக்குள்ள லைட்டுக்கு அடியிலதான் தைக்கிறாங்க. போட்டவர்கிட்ட கேட்டதுக்கு "கரிசல்னா அப்படித்தான்க்கா"ன்னுட்டார். கரிசல்னா அப்படித்தான்னு அவருக்குத் தெரியும்னா, ஊத்துறதுக்கு முன்னாடி ஏன் சொல்லல? மேடை போச்சு, தவணை போகல, மாசம் தவறாம கட்டிக்கிட்டு இருக்காங்க. சும்மா உக்கார்ற மேடைதானேன்னு இனிமே யாராவது என்கிட்ட சொன்னா, அந்த அக்கா வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்.

இன்னொண்ணு, தண்ணி. மேடையோட நிறுத்தாம "அப்படியே வாசலையும் ஊத்திருங்க, சேறு இல்லாம இருக்கும்"ங்கிறாங்க. 800 சதுர அடி வாசல்ல ஒரு இஞ்ச் மழை பெஞ்சா சுமார் 1,880 லிட்டர் தண்ணி. முன்னாடி வெடிப்பு குடிச்சது போக மிச்சம்தான் தெருவுக்குப் போகும். இப்போ அத்தனையும் ஓடிப்போய் பக்கத்து வீட்டுச் சுவரடியில நிக்குது. அந்த மண்ணு பொங்குது, அவர் சுவர் கீறுது. நம்ம வாசல் சுத்தமா இருக்கிறதுக்கு அடுத்தவர் சுவர் கீறணுமா? 2003-லயே தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தாச்சு. ஒரு பக்கம் ஓட்டுத் தண்ணியைக் குழாய் வச்சு குழிக்குள்ள விடுன்னு சட்டம், இன்னொரு பக்கம் மண்ணு தெரியாம வாசலை மூடுறோம்.

"அப்ப என்னதான் செய்யணும், நீயே சொல்லு"ன்னு கேப்பீங்க. சொல்றேன். நானே என் கையால செஞ்சதுதான், மூணு மழைக்காலம் ஆச்சு.

முதல்ல உங்க மண்ணைச் சோதிங்க. செலவே இல்ல. மேடை வரப்போற இடத்துல 2 அடி ஆழத்து மண்ணை எடுத்து, காயவச்சு, நுணுக்கி, மாவு சல்லடையில சலிங்க. ஒரே மாதிரி ரெண்டு கண்ணாடி டம்ளர்ல ஒரே அளவு மண்ணு போடுங்க. ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய் நிறைய ஊத்திக் கலக்கி, ஒரு நாள் முழுக்க அசைக்காம வைங்க. மண்ணெண்ணெயில மண்ணு பொங்காது, தண்ணியில பொங்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க மண்ணோட குணம். லேப்ல செய்யிறதும் இதே சோதனைதான், அங்க அளவு போட்ட ஜாடி இருக்கும். தண்ணியில இருக்கிறது ஒன்றரை மடங்குக்கு மேல நின்னா மோசமான மண்ணு. என் மண்ணு மண்ணெண்ணெயில ரெண்டு விரக்கடை, தண்ணியில நாலு விரக்கடைக்குக் கொஞ்சம் கம்மி. பொங்கவே இல்லைன்னா நீங்க செவக்காட்டுக்காரர், இதுக்கு மேல படிக்க வேண்டியதில்ல. ஒன்றரை அடி வானம் எடுத்து நல்லா திமுசு போட்டாப் போதும்.

பொங்குற மண்ணுன்னா, மேடையைத் தரையில படுக்க வைக்காதீங்க. கால் வச்சுத் தூக்குங்க. காட்டுல காவலுக்குப் பரண் போடுறோமே, அதே மாதிரிதான், உயரம் மட்டும் ஒன்றரை அடி. மேடைக்கும் மண்ணுக்கும் நடுவுல இடம் இருந்தா மண்ணு அது பாட்டுக்குப் பொங்கட்டும், சுருங்கட்டும், நமக்கென்ன? மழைத் தண்ணியும் மண்ணுக்குள்ளதான் போகும்.

என் மேடை 10 அடிக்கு 8 அடி. வரிசைக்கு 3 வீதம் 9 கல்லுக்கால். நீளத்துல 5 அடிக்கு ஒண்ணு, அகலத்துல 4 அடிக்கு ஒண்ணு. கயிறு கட்டும்போது மூலைமட்டம் இல்லைன்னா ஒரு பக்கம் 3 அடி, ஒரு பக்கம் 4 அடி அளந்து குறுக்க 5 அடி வருதான்னு பாருங்க. கடைசியா மூலைக்கு மூலை அளங்க, ரெண்டு பக்கமும் 12 அடி 9 இஞ்ச் 5 நூல் வரணும். ரெண்டும் ஒண்ணா இல்லைன்னா குழி தோண்டாதீங்க.

குழி எடுக்க நல்ல மாசம் மாசி. சித்திரையில கரிசல் பாறை மாதிரி, ஐப்பசியில மண்வெட்டியை விட்டு மண்ணு விழாது. மாசியில அரை ஈரம் இருக்கும், முழுசாப் பொங்கியும் இருக்காது, முழுசாச் சுருங்கியும் இருக்காது. மேல ஒரு அடி அகலம் போதும். கன்று நட டிராக்டர்ல மாட்டிக் குழி போடுற மிஷின் வாடகைக்குக் கிடைச்சா மூணு அடி வரைக்கும் அதுல எடுத்துட்டு, மீதியைக் கடப்பாரையில எடுங்க. கரிசலைத் தாண்டி சுக்கானோ சரளோ தட்டுற வரைக்கும் போகணும். எனக்கு நாலரை அடியில சுக்கான் தட்டுச்சு. ராத்திரி குழியைத் திறந்து போடாதீங்க, பிள்ளைகளும் ஆடும் நடமாடுற இடம், தகரம் போட்டு மூடுங்க.

அடியை மட்டும் பானை மாதிரி அகலமாக்கணும். மேல ஒரு அடின்னா, அடியில ஒன்றே முக்கால் அடி. இது ஏன்னா, மண்ணு பொங்கும்போது கல்லைப் பிடிச்சு மேல இழுக்கும். அடி பெருத்திருந்தா கிழங்கு மாதிரி மாட்டிக்கும், வராது. இது நான் கண்டுபிடிச்சது இல்ல. கரிசல் மண்ணுல வீடு கட்டுறதுக்குன்னே ரூர்க்கியில இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி அடி பெருத்த காலை நம்ம நாட்டுல பரப்பி எத்தனையோ வருசமாச்சு. அவங்க முறையில குமிழ் காலோட அகலத்தைப் போல ரெண்டரை மடங்கு, ஆழம் 12 அடிக்குக் கிட்ட. நம்ம மேடைக்கு அத்தனை வேண்டாம், யோசனை ஒண்ணுதான்.

குழிக்கு அடியில 3 இஞ்ச் காங்கிரீட் போட்டு, கல்லை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடிச்சு, மேல இன்னொரு 6 இஞ்ச் போடுங்க. உளி கொத்தின சொரசொர கல்லா இருக்கணும், வழவழ கல்லு பிடிக்காது. கலவை ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூணு பங்கு முக்கால் ஜல்லி. மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணிக்கு மேல ஊத்தவே கூடாது. ஊத்துறதுக்குச் சுலபமா இருக்குன்னு சித்தாள் குடம் குடமா ஊத்தினா கையைப் பிடிங்க, அந்தத் தண்ணி காங்கிரீட்டோட பலத்தைத் தின்னுரும். பத்து நாள் ஈரம் காயாம, கல்லு அசையாம பார்த்துக்கணும்.

அதுக்கு மேல உள்ள கல்லைச் சுத்தி உர மூட்டையோட உள் பாலிதீன் பையை ரெண்டு சுத்து சுத்திக் கட்டுங்க. மண்ணு கல்லைப் பிடிக்காம வழுக்கும். சுத்தியுள்ள இடத்துல தோண்டின கரிசலைத் திரும்பப் போடாதீங்க, மணலும் வேண்டாம். மணல் போட்டா குழி தண்ணித் தொட்டி ஆயிரும். பொங்காத கிராவல் மண்ணை அரை அடி அரை அடியாப் போட்டு, லேசா நனைச்சு, கட்டையால இடிச்சு நிரப்புங்க. மேல தண்ணி நிக்காம வெளிய வடியற மாதிரி சரிவு கொடுங்க.

கல்லு தலைமட்டத்தை டியூப் மட்டத்துல பாருங்க. ஒவ்வொரு கல்லு தலையிலயும் கல்லை விட அகலமா ஒரு தகரத் துண்டு வச்சு, அது மேல சட்டம் வைங்க. கறையான் கல்லு மேல புத்து கட்டி ஏறினாலும் தகரத்தைச் சுத்தித்தான் வரணும், கண்ணுக்குத் தெரிஞ்சிரும், தட்டி விட்டுறலாம். ஓட்டு வீடு இடிக்கிற இடத்துல வைரம் பாஞ்ச பனஞ்சட்டம் கிடைக்கும், பச்சைப் பனையில கை வைக்காதீங்க. பலகைக்கு நடுவுல ஒரு விரல் இடைவெளி விடுங்க.

இதுக்கு ரெண்டு பேச்சு வரும்னு தெரியும். முதல் பேச்சு, செலவு. 10-க்கு 8 அடி, 4 இஞ்ச் காங்கிரீட்டு 26 கன அடிக்கு மேல. இதே கலவையில போட்டா 6 மூட்டை சிமெண்டு. என் ஒன்பது குழிக்கும் சேர்த்து 15 கன அடி, நாலு மூட்டைக்குள்ள முடிஞ்சது. வேலை கூடுதல்தான், ஒத்துக்கிறேன். ஆனா அது விவசாயி செய்யக்கூடிய வேலை. குழி தோண்டத் தெரியாதவனா நாம? தென்னங்கன்னுக்கு மூணு அடிக் குழி எடுக்கிறவன் மேடைக்கு நாலரை அடி எடுக்க மாட்டானா?

ரெண்டாவது பேச்சு, "உன் கல்லு மட்டும் அசையாதா?" அசையலாம். என் மேடையில ஒரு கல்லு மட்டும் போன வருசம் அரை இஞ்ச் தூக்குச்சு. எதிர்பார்த்ததுதான். அந்தச் சட்டத்துக்குக் கீழ மத்த கல்லுல தகடு சொருகி மட்டம் பண்ணினேன், கால் மணி நேர வேலை. ஒவ்வொரு காலும் தனித்தனியா இருந்தா திருத்த வழி உண்டு. ஒரே தகடா ஊத்தின காங்கிரீட்டு வெடிச்சா சம்மட்டியால உடைச்சு அள்ளுறதைத் தவிர வழி கிடையாது.

வீடியோவுல வெளிநாட்டுக்காரன் புல்வெளி மேல பிளாக்கு வச்சு ஒரே நாள்ல மர மேடை போடுறதைப் பார்த்துட்டு வர்ற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. குளிர் தேசத்துலயும் மண்ணு தூக்கும். அங்க தண்ணி உறைஞ்சு தூக்குது, இங்க தண்ணி குடிச்சுத் தூக்குது. அங்க நிலைச்சு நிக்கணும்னு நினைக்கிறவன் மண்ணு உறையாத ஆழம் வரைக்கும் தோண்டித்தான் கால் வைக்கிறான். அந்தப் பாகம் அஞ்சு நிமிச வீடியோவுல வராது.

அடுத்த மாசியில மேடை போட நினைக்கிறவங்க ரெண்டு காரியம் பண்ணுங்க. ரெண்டு டம்ளர் எடுத்து மண்ணைச் சோதிங்க. கொத்தனார்கிட்ட டைல்ஸ் பேசுறதுக்கு முன்னாடி "எத்தனை அடி தோண்டுவீங்க?"ன்னு கேளுங்க. சும்மா உக்கார்ற மேடைதானேன்னு பதில் வந்தா, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டு, நீங்களே கடப்பாரையை எடுங்க.